ஸ்டேஷன் வாசலில் தொண்டு நிறுவனத்துக்கு என்ன வேலை?

ஹார்டுவேர்கடை | காலை 7.10

நேத்து டீக்கடைச் சுவத்துல ஒரு நோட்டீஸ் பார்த்தேன். "போலீஸ் அழைத்தால் என்ன செய்வது? கைதானவரின் உரிமைகள் குறித்து இலவச வகுப்பு." ஏதோ மனித உரிமை அமைப்பு நடத்துதாம். ஞாயித்துக்கிழமை, சமுதாயக் கூடத்துல, டீ பிஸ்கட்டோட.

நாலு மாசத்துக்கு முன்னாடி ராத்திரியில என் கடை ஷட்டரை நெம்பி மூணு மோட்டார், ரெண்டு சுருள் காப்பர் வயர், கல்லாவுல இருந்த சில்லறையைக்கூட விடாம அள்ளிட்டுப் போயிட்டானுங்க. புகார் கொடுத்தேன். "விசாரிக்கிறோம், போங்க"ன்னாங்க. அப்புறம் அஞ்சு தடவை போயிட்டேன். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துல இருக்காரு, ரைட்டர் லீவு, இன்னைக்கு மந்திரி வர்றாரு, இப்படி ஒவ்வொரு தடவையும் ஒண்ணு.

நான் கேக்குறது இதுதான். திருடனுக்கு உரிமை சொல்லிக் கொடுக்க அமைப்பு இருக்கு, டீ பிஸ்கட் இருக்கு. திருட்டுக் கொடுத்தவனுக்கு யாரு இருக்கா? இந்த என்ஜிஓக்காரங்களால சாதாரண ஜனத்துக்கு ஒரு நயாபைசா பிரயோஜனம் உண்டா? இருந்தா சொல்லுங்க, கேட்டுக்குறேன்.

அரைடிக்கெட் | காலை 7.22

வகுப்பின் முதல் பாடம்: ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்காமல் நடப்பது எப்படி. மாவுக்கட்டு அமைப்பினரே கொண்டு வருவார்கள்.

ஓய்வுஎஸ்ஐ | காலை 8.05

கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. 34 வருடம் காக்கி போட்டவன் என்கிற முறையில் நானும் இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

இந்த அமைப்புக்காரர்களை நான் எப்போதுமே சம்பவம் முடிந்த பிறகுதான் பார்த்திருக்கிறேன். திருவிழா பந்தோபஸ்தில் நாலு நாள் நின்றுவிட்டு வந்த ஏட்டு, அன்றைக்கு ராத்திரியே ரோந்துக்குப் போவார். அதைப் பார்க்க எந்த உண்மை அறியும் குழுவும் வராது. குடித்துவிட்டு மனைவியின் மண்டையை உடைத்தவனைப் பிடிக்கப் போய்க் கையில் கத்திக்குத்து வாங்கினவர் எங்கள் ஸ்டேஷனிலேயே இருந்தார். அவர் உரிமை பற்றி எந்தச் சுவரிலும் நோட்டீஸ் ஒட்டவில்லை. வார விடுமுறை உண்டு என்று 2021இல் அரசாணை வந்தது. எத்தனை ஸ்டேஷனில் அது ஒழுங்காக நடக்கிறது என்று ஏதாவது ஒரு காவலரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

போலீஸ் எல்லாரும் உத்தமர் என்று நான் சொல்லவில்லை. அடிக்கிறவனும் இருக்கிறான், காசு வாங்குகிறவனும் இருக்கிறான். ஆனால் வெளியிலிருந்து வந்து விரல் நீட்டுகிறவர்களுக்கு ஸ்டேஷன் எப்படி ஓடுகிறது என்பதே தெரியாது. அதுதான் என் வருத்தம்.

மனுநீதி | காலை 9.40

ஐயா, வணக்கம். நான் வக்கீல். வாரம் இரண்டு நாள் இப்படிப்பட்ட ஓர் அமைப்பில் வேலை செய்கிறேன், சம்பளம் கிடையாது. அதனால் என்னை ஒருதலைப்பட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

ஏட்டையாவின் உழைப்பை யாரும் பார்ப்பதில்லை என்றீர்கள். இந்தியப் போலீஸ்காரர் சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார், பாதிப்பேருக்கு வார விடுமுறையே இல்லை என்று 2019இல் ஓர் அறிக்கை வந்தது. நாடாளுமன்றத்தில்கூட அந்த எண்ணைச் சொல்கிறார்கள். அதை எடுத்தது உள்துறை அமைச்சகம் இல்லை. காமன் காஸ் என்கிற தொண்டு அமைப்பும் லோக்நீதி ஆய்வாளர்களும் சேர்ந்து, காவலர்களையே உட்கார வைத்துப் பேசி எடுத்த கணக்கு அது. உங்கள் சங்கடத்தை எண்ணாக மாற்றி மேசையில் வைத்தது நீங்கள் குறை சொல்கிற ஆட்கள்தான்.

அடுத்தது. இன்றைக்கு எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் ஒரு போர்டு தொங்கும். கைது செய்கிறவர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியிடம் கையெழுத்து வாங்க வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். இது எங்கிருந்து வந்தது? மேற்கு வங்கத்தில் இலவச சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு, 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் போட்டார். லாக்கப் சாவுகள் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளைக் கத்தரித்து இணைத்திருந்தார், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. 1996 டிசம்பரில் 11 கட்டளைகளோடு தீர்ப்பு வந்தது. இடையில் பத்து வருடம் ஓடிவிட்டது. இப்போது அவற்றில் பல சட்டப் புத்தகத்துக்குள்ளேயே ஏறிவிட்டன.

கைதானவர் உரிமை என்பது திருடனுக்கான சலுகை இல்லை. நாளைக்கு உங்கள் கடையில் வேலை பார்க்கிற பையனைச் சந்தேகத்தில் கூட்டிக்கொண்டு போனால், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் இல்லையா? அதற்காக வந்ததுதான் அந்தப் போர்டு.

ஹார்டுவேர்கடை | காலை 10.02

என் பையனைத்தான் முதல்ல கூட்டிட்டுப் போனாங்க வக்கீல் சார். ஒரு ராத்திரி வச்சிருந்துட்டு விட்டாங்க. அடிக்கலைன்னு சொன்னான். அடுத்த வாரமே வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டான். அதை நான் எழுதல, எழுத மறந்துட்டேன்னு இல்ல.

அரைடிக்கெட் | காலை 10.05

இதை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் விவாதமே வேற மாதிரி ஆகியிருக்கும் அண்ணாச்சி.

கொங்குத்தமிழன் | காலை 11.15

டி.கே. பாசு கதையெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. நடைமுறைக்கு வாங்க. ஹைதராபாத்ல 2019 டிசம்பர்ல அந்தக் கால்நடை மருத்துவரை எரிச்சவனுகளைப் போலீஸ் சுட்டப்போ ஊரே பூப்போட்டுது. பொண்ணுக ராக்கி கட்டுனாங்க. மனித உரிமைக்காரங்க மட்டுந்தான் அழுதாங்க. மக்கள் எந்தப் பக்கம்னு அதுலயே தெரியுதில்லீங்களா?

இன்னொண்ணு, இவங்களுக்குக் காசு எங்கிருந்து வருது? வெளிநாட்டுப் பணம். அதனாலதான் மத்திய அரசு, வெளிநாட்டு நன்கொடை வாங்குறதுக்கான எஃப்சிஆர்ஏ லைசென்ஸைப் புடுங்குது. நெருப்பில்லாமப் புகையுமா?

தாமிரபரணி | மதியம் 12.30

கொங்குத்தமிழன், அந்தக் கதையோட பின்பாதியையும் சொல்லிருங்க. உச்ச நீதிமன்றம் போட்ட சிர்புர்கர் கமிஷன் அறிக்கை 2022 மே மாசம் வெளிய வந்தது. துப்பாக்கியைப் பிடுங்கிட்டுச் சுட்டாங்கன்னு போலீஸ் சொன்னது நம்புற மாதிரி இல்ல, வேணும்னே சுட்டிருக்காங்க, 10 போலீஸ்காரங்க மேல கொலை வழக்கு விசாரணை நடக்கணும்னு எழுதியிருக்கு. செத்த நாலு பேர்ல மூணு பேரு 18 வயசு ஆகாத பசங்க. அவங்கதான் செஞ்சாங்களா இல்லையான்னு எந்தக் கோர்ட்டும் இனிமே சொல்ல முடியாது. அந்த டாக்டரோட அப்பா அம்மாவுக்கும் அது இனிமே தெரியாது. பூப்போட்டவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க.

எனக்குச் சொந்த ஊரு தூத்துக்குடி மாவட்டம். சாத்தான்குளம் எங்க ஊர்ல இருந்து பஸ்ல போற தூரம். 2020 ஜூன் 19 ராத்திரி அப்பா ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி, பின்னாடியே தேடிப் போன மகன் பென்னிக்ஸையும் பிடிச்சு வச்ச காரணம் என்ன? ஊரடங்கு நேரத்துக்கு மேல அவங்க செல்போன் கடை திறந்திருந்ததுன்னு. கொலையா, கொள்ளையா? 22ஆம் தேதி மகன், 23 விடிகாலை அப்பா. நாலு நாளுக்குள்ள ரெண்டு பிணம். உங்க கடையையும் என் கடையையும் மாதிரி ஒரு கடைதான் சார் அது.

விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ஹைகோர்ட்டுக்கு எழுதின அறிக்கையைப் படிச்சுப் பாருங்க. ஸ்டேஷன் கேமராவோட ஹார்டு டிஸ்க்ல ஒரு டெராபைட் இடம் இருக்கு. ஆனா பதிவு தினமும் தானா அழியுற மாதிரி செட்டிங் வச்சிருந்தாங்க. கேமரா இருந்தும் இல்லாத கதை. அதே வருஷம் டிசம்பர்ல, பரம்வீர் சிங் சைனிங்கிறவர் போட்ட வழக்குல, எல்லா ஸ்டேஷன்லயும் ராத்திரியிலும் தெரியுற, சத்தமும் பதிவாகுற கேமரா வேணும், 18 மாசம் பதிவை வச்சிருக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு 2025ல அதே உச்ச நீதிமன்றம் கேமரா ஏன் வேலை செய்யலைன்னு தானா முன்வந்து மறுபடி கேக்குது.

ஓய்வுஎஸ்ஐ | மதியம் 1.10

சாத்தான்குளத்தை யாரும் நியாயப்படுத்த முடியாது. எங்கள் துறைக்கே அது தலைகுனிவு. ஆனால் தாமிரபரணி ஒன்றை விட்டுவிட்டார். அன்று ராத்திரி என்ன நடந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது யார்? தொண்டு நிறுவனமா? அதே ஸ்டேஷனில் டூட்டி பார்த்த பெண் தலைமைக் காவலர். பயந்து நடுங்கிக்கொண்டே சொன்னார். உண்மை காக்கிக்குள்ளிருந்துதான் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மக்கள் அமைப்பு என்றாலே நல்லது என்று நினைக்க வேண்டாம். காவலர் நண்பர்கள் என்று ஓர் இயக்கம் இருந்தது, 1993இல் ராமநாதபுரத்தில் ஆரம்பித்தது. போலீஸுக்கும் ஜனங்களுக்கும் பாலம் போடுகிற நல்ல எண்ணம்தான். ஆரம்பத்தில் நன்றாகவும் இருந்தது. பிறகு சில ஊர்களில் விசில் மாட்டிக்கொண்டு, லத்தி பிடித்துக்கொண்டு, இன்ஸ்பெக்டருக்கே இன்ஸ்பெக்டராக நின்ற பையன்களையும் பார்த்திருக்கிறேன். சாத்தான்குளத்தில் அவர்கள் பெயரும் அடிபட்டது. எங்கள் ஆட்கள் இல்லை என்று இயக்கத்தார் மறுத்தார்கள். 2020 ஜூலையில் அரசு மொத்தமாகத் தடை போட்டது. அதுவும் மக்கள் பாதுகாப்புக்கான அமைப்புதானே?

மனுநீதி | மதியம் 1.48

அந்தத் தலைமைக் காவலருக்கு நானும் மனதுக்குள் சல்யூட் அடிக்கிறேன் ஐயா. ஆனால் அவர் எப்படிப் பேச முடிந்தது? ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை வழக்கைத் தானாகக் கையில் எடுத்தது. மாஜிஸ்திரேட்டை அனுப்பியது. அவர் பேசிய பிறகு அவர் வீட்டுக்குப் பாதுகாப்பும் சம்பளத்தோடு விடுப்பும் கொடுக்கச் சொன்னது. வெளியிலிருந்து ஒரு வெளிச்சம் விழுந்ததால்தான் உள்ளே இருந்தவருக்குத் துணிச்சல் வந்தது. எஸ்.பி. ஆபீஸை மட்டும் நம்பி அவர் வாய் திறந்திருந்தால் மறுநாள் எங்கே டிரான்ஸ்ஃபர் ஆகியிருப்பார் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

காவலர் நண்பர்கள் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். போலீஸோடு சேர்ந்து நிற்கிற அமைப்பு வேறு, போலீஸைக் கேள்வி கேட்கிற அமைப்பு வேறு. முதல் வகைக்கு ஸ்டேஷனில் நாற்காலி கிடைக்கும், இரண்டாம் வகைக்குக் கிடைக்காது. நாற்காலி கிடைத்த பிறகு கேள்வி எழாது. அந்த இயக்கம் சறுக்கியது அங்கேதான் என்பது என் கருத்து.

வெளிநாட்டுப் பணம் பற்றிக் கேட்ட கொங்கு நண்பருக்கு: மதுரையில் ஹென்றி திபேன் நடத்துகிற மக்கள் கண்காணிப்பகத்தின் எஃப்சிஆர்ஏ உரிமம் 2012இல் நிறுத்தப்பட்டது, 2016இல் புதுப்பிக்க மறுத்தார்கள். போலீஸ் சீர்திருத்தம் பற்றி வருடக்கணக்காகக் கணக்கெடுத்து வந்த காமன்வெல்த் மனித உரிமை முன்முயற்சி என்ற டெல்லி அமைப்பின் உரிமம் 2022இல் ரத்தானது. பணம் நின்றது, ஆள் குறைந்தது. கணக்குக் கேட்பதில் தப்பில்லை, எல்லா அமைப்பும் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். ஆனால் உள்ளூரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் போலீஸைக் கேள்வி கேட்கிற அமைப்புக்கு நன்கொடை கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கடை நடத்த முடியுமா? கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுப்பார், இதற்குக் கொடுக்க மாட்டார். பணம் வெளியிலிருந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொங்குத்தமிழன் | மதியம் 2.20

அது என்னமோ நிசந்தானுங்க. நானே குடுக்க மாட்டேன்.

வைகைக்கரை | மாலை 4.35

காலையிலிருந்து படிக்கிறேன். இரண்டு தரப்பும் வசதியாக ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள்.

நான் பத்து வருடத்துக்கு மேல் 1098இல் வேலை பார்த்தவள். குழந்தைகளுக்கான அந்த உதவி எண் 1996இல் மும்பையில் ஆரம்பித்தது, தெருப்பிள்ளைகளோடு வேலை செய்தவர்கள் தொடங்கியது. பிறகுதான் அரசு பணம் கொடுத்தது, ஊர் ஊராகத் தொண்டு நிறுவனங்கள் நடத்தின. 2023இல் அரசே எடுத்துக்கொண்டது. கடைக்காரர் அண்ணன் பிரயோஜனம் உண்டா என்று கேட்டார். ராத்திரி ரெண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கிற பிள்ளையைக் கூட்டி வந்தது, குழந்தைக் கல்யாணத்தை மண்டபத்திலேயே நிறுத்தியது, எல்லாம் போலீஸோடு போய்த்தான். எஸ்ஐ ஐயா மாதிரி ஒருவர் இருந்த ஸ்டேஷனில் வேலை அரைமணியில் முடியும். இல்லாத ஸ்டேஷனில் பிள்ளையை வைத்துக்கொண்டு விடிய விடிய பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். பாதுகாப்பு வேலையும் கேள்வி கேட்கிற வேலையும் ரெண்டு தனித்தனி வேலை இல்லை, எங்களுக்கு ஒரே ராத்திரியில் ரெண்டும் வரும்.

இப்போது எங்கள் பக்கத்துக் குறை. இதை யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். தொண்டு நிறுவனங்களுக்குத் திட்டக்காலம் என்று ஒன்று உண்டு. மூன்று வருடத் திட்டம், அரையாண்டு அறிக்கை, பயனாளிகள் எண்ணிக்கை, குரூப் போட்டோ. வழக்கு மூன்று வருடத்தில் முடியுமா? வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்ட மலைக்கிராமம். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 269 பேர் மேல் வழக்கு. 2011இல் தீர்ப்பு வரும்போது 54 பேர் செத்தே போயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீடு முடிந்து தண்டனை உறுதியானது 2023 செப்டம்பரில். 31 வருடம்!

அந்த 31 வருடமும் அந்தப் பெண்களோடு நின்றது எது? எந்த நிதித்திட்டமும் இல்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிக் கட்சிக்காரர்களும். சாட்சி சொல்ல பஸ் ஏற்றிக் கூட்டிப்போவது, மாற்றிச் சொல்லச் சொல்லி மிரட்டுகிறவன் வந்தால் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வது, கோர்ட் வாசலில் சாப்பாடு வாங்கிக் கொடுப்பது. இதையெல்லாம் எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? எனக்குத் தெரிந்து சாட்சியோடு கூட நிற்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி. அதற்கு எந்த நன்கொடையாளரும் சுலபத்தில் பணம் தருவதில்லை. பயிற்சி வகுப்புக்குத் தருவார்கள். அதனால்தான் டீக்கடைச் சுவரில் வகுப்பு நோட்டீஸாக ஒட்டுகிறோம்.

மனுநீதி தம்பிக்கு இது கோபம் வரும். வரட்டும்.

மனுநீதி | மாலை 4.58

கோபம் இல்லை அக்கா, வெட்கம்தான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுப்பது நான்தான்.

அரைடிக்கெட் | மாலை 5.01

எந்த பிஸ்கட்?

தாமிரபரணி | மாலை 5.40

வைகைக்கரை அக்கா சொன்னதை அம்பாசமுத்திரத்துல கண்ணால பார்த்தோம். 2023ல விசாரணைக்குக் கூட்டிட்டுப் போனவங்க பல்லைப் பிடுங்கினதா உதவி எஸ்.பி. மேலயே புகார் வந்துச்சே, அப்ப முதல்ல டிவி கேமரா முன்னாடி பேசின ஆட்கள்ல சிலர் கொஞ்ச நாள்ல "கீழ விழுந்துட்டேன்"னு மாத்திச் சொன்னாங்க. ஏன் மாத்தினாங்கன்னு கேட்டா அவங்கமேல கோபப்படுறதா? அதே ஊர்ல, அதே ஸ்டேஷன் எல்லையில, கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளை வளர்க்கணும்லா. கூட நிக்க ஆள் இருந்தவங்க சொன்ன சொல்லுல நின்னாங்க.

2001ல இருந்து 2018 வரைக்கும் போலீஸ் காவல்ல செத்தவங்க 1,727 பேரு, தண்டனை வாங்கின போலீஸ்காரங்க 26 பேருன்னு தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கை வச்சே பத்திரிகையில வந்துச்சு. எல்லாச் சாவும் அடிச்ச சாவுன்னு நான் சொல்ல வரல. நோய்ல செத்தவங்க, தூக்கு மாட்டினவங்க எல்லாம் அதுல இருப்பாங்க. அப்படிக் கழிச்சாலும் 26 எங்க, 1,727 எங்க?

ஓய்வுஎஸ்ஐ | மாலை 6.25

அந்த அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. 1098 டீமோடு நானும் ராத்திரி போயிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் எங்களுக்குக் கல்லடி, அவர்களுக்குத் திட்டு.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள், பொய்ப் புகார் என்று ஒன்றும் உண்டு. என் மேல் ஒருமுறை வந்தது. நில விவகாரத்தில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினேன். தோற்றவர் நான் அடித்தேன் என்று மனித உரிமை ஆணையத்துக்கு எழுதிவிட்டார். இரண்டு வருடம் என் பிரமோஷன் நின்றது. கடைசியில் ஒன்றும் இல்லை என்று முடிந்தது. நின்றுபோன வருடத்தை யார் கொடுப்பார்? அப்போது எந்த அமைப்பும் என்னிடம் வந்து உங்கள் தரப்பு என்ன என்று கேட்கவில்லை.

மனுநீதி | மாலை 6.50

உங்களுக்கு நடந்தது அநியாயம் ஐயா. சீக்கிரம் விசாரித்து இப்படியா அப்படியா என்று முடிக்கிற, யாருக்கும் பயப்படாத ஓர் அமைப்பு இருந்திருந்தால் உங்களுக்கு இரண்டு வருடம் போயிருக்காது. அதைத்தான் உச்ச நீதிமன்றம் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னது. அந்த வழக்கைப் போட்டவர் யார்? உத்தரப் பிரதேச டிஜிபியாக இருந்த பிரகாஷ் சிங், கூடவே இன்னொரு போலீஸ் அதிகாரி, கூடவே அந்தக் காமன் காஸ் அமைப்பு. காக்கியும் தொண்டு நிறுவனமும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டன! மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் போலீஸ் புகார் ஆணையம் வேண்டும், தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதியாக இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

நம் மாநிலம் 2013இல் சட்டம் போட்டது. மாநில ஆணையத்துக்கு யார் தலைவர்? உள்துறைச் செயலாளர். உறுப்பினர்? டிஜிபி. மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். ஆட்டுக்கும் புலிக்கும் வழக்கு, புலியே மத்தியஸ்தம்.

ஓய்வுஎஸ்ஐ | இரவு 7.15

ஆடு புலி உவமை எனக்குப் பிடிக்கவில்லை. போலீஸ் புலி இல்லை, அரசியல்வாதி சங்கிலியில் கட்டி வைத்திருக்கிற நாய் என்று வேண்டுமானால் எழுதுங்கள், அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நீதிபதி தலைமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எஸ்.பி.யே எஸ்.பி. ஆபீஸ் மேல் வந்த புகாரை விசாரித்தால் ஜனம் நம்பாது, நாங்களும் நம்ப மாட்டோம். ஆனால் அதில் பணியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு போலீஸ்காரரும் இருக்க வேண்டும். ஸ்டேஷன் டைரியை எப்படிப் படிப்பது, எங்கே இடைச்செருகல் இருக்கும் என்று வக்கீலுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

தனிப்படை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். திருப்புவனத்தில் 2025 ஜூனில் அந்தக் கோயில் காவலாளிப் பையன் செத்தது லாக்கப்பில்கூட இல்லை. காரில் இருந்த நகை காணோம் என்று ஒரு புகார், தனிப்படை கூட்டிக்கொண்டு போய் அங்கே இங்கே வைத்து அடித்தது. ஒளிந்திருந்து ஒருவர் செல்போனில் எடுத்த காணொளி இல்லையென்றால் வழக்கு இந்த அளவுக்கு வந்திருக்காது. 5 காவலர்கள் கைதாகி, வழக்கு சிபிஐக்குப் போனது. எங்கள் காலத்திலேயே தனிப்படை என்றால் எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாத வேலை. ஸ்டேஷனில் எத்தனை கேமரா வைத்தாலும் தோப்பில் வைத்து அடிப்பவனை அது பிடிக்குமா? நீங்கள் கேமரா கேமரா என்று போராடுகிறீர்கள், நோய் வேறு இடத்தில் இருக்கிறது. மேலதிகாரி காலையில் மைக்கில் "ரெக்கவரி என்னாச்சு" என்று கேட்கிறாரே, அங்கே ஆரம்பிக்கிறது அது.

வைகைக்கரை | இரவு 7.32

ஐயா, இதை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வந்து சொல்வீர்களா?

ஓய்வுஎஸ்ஐ | இரவு 7.34

மாட்டேன். பென்ஷன் வாங்குகிறேன்.

ஹார்டுவேர்கடை | இரவு 8.20

கடை சாத்திட்டு வந்து முழுசாப் படிச்சேன். எல்லாரும் பெரிய விஷயமா பேசுறீங்க. நான் சின்ன ஆளு. என் மோட்டாருக்கு ஒரு வழி சொல்லுங்க. இன்சூரன்ஸ்காரன் எஃப்ஐஆர் காப்பி கேக்குறான். என்கிட்ட இருக்கறது ஸ்டேஷன்ல கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது மட்டுந்தான். அது போதாதாம்.

மனுநீதி | இரவு 8.41

போதாது அண்ணாச்சி. சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கிக்கொண்டோம் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். பூட்டை உடைத்துத் திருடியது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம், அதற்கு எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஃப்ஐஆர் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவைக் குறிப்பிட்டு, புகாரின் சாரத்தை எழுத்தில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம், பிரமாணப் பத்திரத்தோடு. எஸ்.பி.க்கு அனுப்பாமல் நேரே கோர்ட்டுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சட்ட உதவிக்கு 15100க்குக் கூப்பிடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உங்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். பரவாயில்லை, மனுவை நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

அந்தப் பையனை ராத்திரி வைத்திருந்தார்களே, அதையும் அவன் சம்மதித்தால் எழுதலாம். சம்மதிக்காவிட்டால் வேண்டாம்.

ஓய்வுஎஸ்ஐ | இரவு 9.05

வக்கீல் சொன்னது சரி, ஆனால் எழுதுகிற விதம் இருக்கிறது. "போலீஸார் மெத்தனம்", "அலட்சியம்" என்றெல்லாம் எழுதாதீர்கள். எஸ்.பி. ஆபீஸிலிருந்து அது அப்படியே அதே ஸ்டேஷனுக்குத்தான் அறிக்கை கேட்டு வரும். இன்ஸ்பெக்டர் கடுப்பாகிவிடுவார். சம்பவ நாள், நேரம், போன பொருளின் கம்பெனி, குதிரைத்திறன், மோட்டார் சீரியல் நம்பர், பில் நகல், சி.எஸ்.ஆர். எண், நீங்கள் ஸ்டேஷனுக்குப் போன தேதிகள், அவ்வளவு போதும். சீரியல் நம்பர் முக்கியம். பழைய இரும்புக் கடையில் பிடிபட்டால் அதை வைத்துத்தான் உங்கள் மோட்டார் என்று சொல்ல முடியும். காப்பர் வயர் கிடைக்காது, அதை அன்றைக்கே உருக்கியிருப்பான்.

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. ரசீதைத் தொலைக்காதீர்கள். பையன் விஷயத்தை இதோடு சேர்க்காதீர்கள், தனியாக எழுதுங்கள். சேர்த்தால் இரண்டும் கெடும்.

மனுநீதி | இரவு 9.12

தனியாக எழுதச் சொல்கிறீர்களா, எழுதவே வேண்டாம் என்கிறீர்களா ஐயா?

ஓய்வுஎஸ்ஐ | இரவு 9.20

தனியாக என்றுதான் எழுதியிருக்கிறேன். கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

ஹார்டுவேர்கடை | மூன்று நாள் கழித்து, காலை 11.50

அனுப்பியாச்சு. போஸ்ட் ஆபீஸ்ல இப்போ பதிவுத் தபால் இல்ல, எல்லாம் ஸ்பீடு போஸ்ட்தான்னு சொன்னாங்க, அதுலயே ஒப்புகை போட்டு வாங்கிட்டேன். ரெண்டு மோட்டார் சீரியல் நம்பர் பில்லுல இருக்கு, மூணாவதுக்குப் பில்லே போடல, அது என் தப்பு.

பையனுக்குப் போன் பண்ணேன். "விடுங்க முதலாளி"ன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, அந்த வகுப்பு எங்க நடக்குதுன்னு கேட்டான்.